ஒரே பிரிண்டர், வீட்டில் பல கம்ப்யூட்டர்: மேல் போர்ஷனுக்குத் தெரியாமல் பகிர்வது எப்படி?

ஹொரமாவுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஹொரமாவில் வீடு. கீழே நாங்கள், மேல் போர்ஷனில் பேச்சிலர் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இன்டர்நெட் கனெக்ஷன் ஒன்றுதான். பில்லில் பாதி அவர்கள் தருவதால் எங்கள் வைஃபை பாஸ்வேர்டு அவர்களிடமும் இருக்கிறது.

ஹாலில் ஒரு விண்டோஸ் 10 டெஸ்க்டாப், அதில் யுஎஸ்பி கேபிளில் எச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ். வயசான பிரிண்டர், ஆனால் எழுத்து இன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி விழும். வீட்டம்மா பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார், வாராவாரம் டெஸ்ட் பேப்பர் அடித்தாக வேண்டும். மகளிடம் விண்டோஸ் 11 லேப்டாப். என்னிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப்.

ஒரு சர்வீஸ் ஆள் வந்து எல்லா லேப்டாப்புக்கும் பிரிண்டரை ஷேர் செய்துவிட்டுப் போனார். பாஸ்வேர்டு தொல்லையே இல்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். போன வாரம் பிரிண்டர் தட்டில் யாரோ ஒருவருடைய ரெஸ்யூம் கிடந்தது. விசாரித்தால் மேல் போர்ஷன் பையனின் நண்பர். “அங்கிள், லிஸ்ட்டில் ஒரு பிரிண்டர் காட்டியது, கொடுத்துப் பார்த்தேன்” என்கிறார். காகிதம் போனால் போகட்டும். அவர் லேப்டாப்பைக் காட்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எங்கள் டெஸ்க்டாப்பின் பப்ளிக் ஃபோல்டர் அப்படியே திறக்கிறது. உள்ளே அடுத்த வார வினாத்தாள், என் பான் கார்டு ஸ்கேன் எல்லாம்.

பிரிண்டரை வீட்டுக்குள் பகிர வேண்டும், மேலே தெரியக் கூடாது. ஃபோனிலிருந்தும் அடிக்க முடிந்தால் நல்லது. புது பிரிண்டர் வாங்கும் யோசனை இல்லை. வழி சொல்லுங்கள்.

ஜேபிநகர் ஜாலி

பையன்களைத் தனி கனெக்ஷன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் சார். பாதிப் பில் போகும், முழு நிம்மதி வரும்.

கம்பிகட்டி

ஜாலி, பாதிப் பில் அவருக்குத்தானே தெரியும்!

அண்ணா, மற்றதெல்லாம் அப்புறம். இப்போதே டெஸ்க்டாப்பில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குள் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ போங்கள். கடைசியில் ‘ஆல் நெட்வொர்க்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே பப்ளிக் ஃபோல்டர் ஷேரிங்கை ஆஃப் செய்யுங்கள், பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்களிலிருந்து பிரிண்ட் நின்றுவிடும். நிற்கட்டும்.

உங்களுக்குத் தேவைப்பட்டது பிரிண்டர் மட்டும். ஆனால் விண்டோஸில் ஃபைலும் பிரிண்டரும் ஒரே சுவிட்சில் இருக்கின்றன. இரண்டுமே எஸ்எம்பி என்ற ஒரே முறையில், 445 என்ற ஒரே போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) பேசுகின்றன. பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் அது பிரிண்டருக்கு மட்டும் எடுத்ததாக ஆகாது, கம்ப்யூட்டருக்கே எடுத்ததாகிவிடும். பால் பாக்கெட் போடுகிறவருக்காக வீட்டுச் சாவியை கேட்டில் மாட்டி வைத்த கதைதான். கம்ப்யூட்டரைத் திறக்காமல் பிரிண்டரை மட்டும் கொடுப்பது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. எந்த யோசனை யார் சொன்னாலும் இந்த ஒன்றை வைத்து உரசிப் பாருங்கள்.

உங்கள் சாமான்களை வைத்தே செய்யலாம். டெஸ்க்டாப்பில் ‘அச்சு’ என்று புதிதாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்குங்கள். ஸ்டாண்டர்டு யூசர் போதும், அட்மின் வேண்டவே வேண்டாம். நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். இந்தப் பெயரில் யாரும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்யப் போவதில்லை, லேப்டாப்கள் கதவைத் தட்டும்போது சொல்கிற பெயர், அவ்வளவுதான்.

அடுத்து பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ். ஷேரிங் டேபில் பெயர் கொடுங்கள், இடைவெளி இல்லாத சின்னப் பெயராக. பிறகு செக்யூரிட்டி டேப். அங்கே ‘எவ்ரிஒன்’ என்று ஒரு வரி இருக்கும், பிரிண்ட் அனுமதியோடு. அதை எடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து அடிப்பவரின் யூசரையும் ‘அச்சு’ யூசரையும் சேர்த்து, இருவருக்கும் பிரிண்ட் அனுமதி மட்டும் கொடுங்கள். மேனேஜ் பிரிண்டர், மேனேஜ் டாக்குமென்ட்ஸ் இரண்டும் அட்மினோடு நிற்கட்டும்.

லேப்டாப்பில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல் பகுதியில் டெஸ்க்டாப்பின் பெயர், ‘அச்சு’, அதன் பாஸ்வேர்டு மூன்றையும் சேமித்துவிட்டால் மறுபடி கேட்காது. உங்கள் சர்வீஸ் ஆள் சொன்ன அதே ‘தொல்லை இல்லை’ இதிலும் கிடைக்கும்.

இதெல்லாம் ஃபைலையும் பிரிண்டரையும் காக்கும். மேல் போர்ஷனும் நீங்களும் ஒரே வைஃபையில் இருக்கிறீர்கள் என்பது தனிப் பிரச்சினை. அங்கேதான் ஆழமாகப் போக வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எஸ்பிரோடு சர்வீஸ்

இருபது வருஷமாக இதே தொழில். தம்பி சொல்வது புத்தகத்துக்குச் சரி. வீட்டில் போய் யூசர் உருவாக்கி, செக்யூரிட்டி டேப் மாற்றி, ஒவ்வொரு லேப்டாப்பிலும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தால் அடுத்த வாரமே “பிரிண்ட் வரவில்லை” என்று ஃபோன் வரும். அதற்கு யார் காசு தருவார்கள்?

இன்னொன்று, இந்த வழியில் 11பி என்று முடியும் எரர் கட்டாயம் வரும், பார்த்துக்கொண்டே இருங்கள். 2021 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து அந்தத் தலைவலி. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் இடம்) கன்ட்ரோல், பிரிண்ட் கீக்குள் ‘ஆர்பிசி ஆத்என் லெவல் ப்ரைவஸி எனேபிள்ட்’ என்று ஒன்றைப் போட்டு 0 வையுங்கள், ஸ்பூலரை (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் சர்வீஸ்) ரீஸ்டார்ட் செய்யுங்கள், முடிந்தது. எத்தனை இடத்தில் செய்திருக்கிறோம், ஒருவர் வீட்டிலும் ஆகாயம் இடிந்து விழவில்லை.

கம்பிகட்டி

அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அந்த 0 எதை அணைக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் பிரிண்ட் விஷயம் பேசிக்கொள்ளும் வழியில் நடுவில் ஒருவர் புகுந்து ஆள்மாறாட்டம் செய்ய முடியும் என்பது சிவிஇ-2021-1678 என்று பொதுப் பட்டியலில் எண்ணிட்ட ஓட்டை. 2021 ஜனவரியில் திருத்தம் வந்தது, செப்டம்பரில் கட்டாயமானது. ஒரு கம்ப்யூட்டர் அப்டேட் ஆகி மற்றது ஆகாமல் இருந்தால் 11பி வரும். 0 வைத்தால் பழைய ஓட்டை திரும்பத் திறக்கும். இரண்டு பக்கமும் முழுதாக அப்டேட் செய்வதுதான் ஒழுங்கான மருந்து.

அதே வருஷம் ஜூலையில் வந்தது பிரிண்ட்நைட்மேர், சிவிஇ-2021-34527. ஸ்பூலர் என்பது சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடுகிற சர்வீஸ். பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள்) நிறுவுகிற சாக்கில் அதன் வழியாக என்ன நிரலையும் ஓட்டலாம் என்ற நிலை. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்கே மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் விட்டது என்றால் பாருங்கள். ஆகஸ்டிலிருந்துதான் ஷேர் பிரிண்டரின் டிரைவர் நிறுவ அட்மின் பாஸ்வேர்டு கேட்கத் தொடங்கியது. அதையும் ரெஜிஸ்ட்ரியில் அணைக்கச் சொல்லி ஆயிரம் வீடியோ இருக்கிறது. 2010-இல் ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் பரவிய வழிகளில் ஒன்றும் இதே ஸ்பூலர்தான்.

அப்டேட் செய்தும் 11பி அடம்பிடித்தால் ஒரு சுற்றுவழி உண்டு. லேப்டாப்பில் டிரைவரை முதலில் நிறுவிவிட்டு, ‘ஆட் பிரிண்டர்’ போய் புதிய லோக்கல் போர்ட் உருவாக்குங்கள். போர்ட் பெயராக இரண்டு பின்சாய்கோடு, டெஸ்க்டாப் பெயர், ஒரு பின்சாய்கோடு, ஷேர் பெயர் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடவே வேண்டாம்.

பாஸ்வேர்டு இல்லாத ஷேருக்கு ஆயுளும் குறைவு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ எடிஷன் கெஸ்ட்டாக, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல், உள்ளே போவதையே மறுக்கிறது. இன்றைக்குப் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்தீர்கள் என்றால் அந்த ஃபோன் எப்படியும் உங்களுக்கு வரத்தான் போகிறது.

எஸ்பிரோடு சர்வீஸ்

லோக்கல் போர்ட் வழி எனக்கும் தெரியும், அது நல்ல வழிதான். டிரைவரை முன்கூட்டிப் போட மறந்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும். 24எச்2 வந்த லேப்டாப்கள் இப்போது கடைக்கு வருகின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். காசு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

அல்சூர் அக்கா

நெட்வொர்க்கே இல்லாமல் ஒரு வழி சொல்கிறேன், சிரிக்காதீர்கள். யுஎஸ்பி ஷேரிங் சுவிட்ச் என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. பிரிண்டர் கேபிள் ஒரு பக்கம், மறுபக்கம் இரண்டு அல்லது நான்கு கம்ப்யூட்டர். மேலே ஒரு பொத்தான். அழுத்தினால் பிரிண்டர் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும், விளக்கு மாறும். எங்கள் வீட்டில் அவர் மேஜையும் என் மேஜையும் ஒரே அறையில் இருப்பதால் இதுவே போதுமாக இருக்கிறது. ஷேரிங் இல்லை, யூசர் இல்லை, எரர் இல்லை. மேல்மாடியில் யார் இருந்தாலும் கம்பி இல்லாமல் வர முடியாது.

அவர் பாதியில் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் பொத்தானை அழுத்தினால் மட்டும் சண்டை.

ஜேபிநகர் ஜாலி

அக்கா, அதற்கு எந்த அப்டேட்டும் திருத்தம் தராது.

ஹொரமாவுக்காரன்

அக்கா, டெஸ்க்டாப் ஹாலில், மகள் அறை பின்னால். இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

கம்பிகட்டி தம்பி சொன்னபடி பாஸ்வேர்டு ஷேரிங் ஆன் செய்துவிட்டேன். மேலே இப்போது ஃபோல்டர் திறக்கவில்லை, பையனை விட்டே பார்க்கச் சொன்னேன். ‘அச்சு’ யூசர் போடுவதற்கு முன், டெஸ்க்டாப்பில் நான் நுழையும் அதே கணக்கை மகள் லேப்டாப்பில் கொடுத்துப் பார்த்தேன். தினமும் அடிக்கிற நான்கு இலக்கப் பின் நம்பரைக் கொடுத்தால் தப்பு தப்பு என்றே சொல்கிறது.

கம்பிகட்டி

பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லும் அண்ணா. நெட்வொர்க் வழியாக வரும்போது முழு பாஸ்வேர்டு வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவராக இருந்தால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையே கேட்கும். ஒரு பிரிண்டருக்காக அதை இன்னொரு லேப்டாப்பில் சேமித்து வைப்பது எனக்குப் பிடிக்காது, அதனால்தான் தனி யூசர் சொன்னேன்.

கொடுக்கும்போது ‘அச்சு’ என்று மட்டும் போடாமல் டெஸ்க்டாப் பெயர், பின்சாய்கோடு, அச்சு என்று கொடுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் தன்னிடமே அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் மகள் லேப்டாப்பில் வைஃபை ‘ப்ரைவேட்’ என்று இருக்கிறதா ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஷேர் செய்கிற டெஸ்க்டாப்பில் ப்ரைவேட் தேவை. அடிக்க மட்டும் செய்கிற லேப்டாப் பப்ளிக்கிலேயே இருக்கலாம், டெஸ்க்டாப் பெயரைக் கையால் கொடுத்தால் போதும். கல்லூரி, காபி ஷாப் என்று ஊர் சுற்றுகிற லேப்டாப்புக்கு அதுதான் நல்லது.

உங்கள் டெஸ்க்டாப் விண்டோஸ் 10 என்பதால் இன்னொரு விஷயம். அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. ஷேர் செய்கிற கம்ப்யூட்டர் அப்டேட் இல்லாமல் கிடக்கக் கூடாது, அதில் சேர்ந்துவிடுங்கள்.

இரவுஷிப்ட்

ஆபீஸ் லேப்டாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் ஒரு கம்பெனியில் இன்ஃபோசெக் (தகவல் பாதுகாப்பு) பக்கம்.

விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் தனிப் பாதுகாப்பு வழி) போட்டதும் வீட்டு பிரிண்டர் காணாமல் போகும். பெரும்பாலான கம்பெனிகள் முழு டிராஃபிக்கையும் விபிஎன் வழியாக இழுத்து, வீட்டு நெட்வொர்க்கைக் கண்ணிலேயே படாமல் செய்கின்றன. பழுது என்று நினைத்து விபிஎன்னைக் கழற்றி அடித்துவிட்டு மாட்டுபவர்களை நான் லாக்கில் தினமும் பார்க்கிறேன். டிரைவர் நிறுவ அட்மின் உரிமை கிடையாது என்பதால் ஹெல்ப்டெஸ்குக்கு டிக்கெட் வரும். டிரைவர் ஃபைலை எங்கேயோ இறக்கி அனுப்பி “இதை நிறுவித் தாருங்கள்” என்று கேட்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஆபீஸ் ஃபைலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வீட்டில் அடிப்பது அதைவிட மோசம். ஹெச்ஆர் கதவு வரை போகும். ஹொரமாவு சார், ஆபீஸ் லேப்டாப்பை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். கட்டாயம் அடித்தே ஆக வேண்டும் என்றால், கம்பெனி அனுமதித்தால், அல்சூர் அக்காவின் பெட்டிதான் சரி. கேபிள் நேராகப் போகும், நெட்வொர்க் கலக்காது.

கப்ஸ்பிரியன்

டெஸ்க்டாப்பை பிரிண்ட் சர்வராக வைப்பதில் எனக்கு இஷ்டமே இல்லை. ஒரு டெஸ்ட் பேப்பருக்காக யாராவது ஹாலுக்குப் போய் அதை ஆன் செய்ய வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கிற ராஸ்ப்பெரி பை (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்) ஒன்று இருந்தால் போதும். பிரிண்டரை அதில் மாட்டி கப்ஸ் போடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் பிரிண்ட் வேலையைப் பார்ப்பது அந்த கப்ஸ்தான். அந்தப் பெட்டியில் வினாத்தாளும் இல்லை, பான் கார்டும் இல்லை. உடைத்துக்கொண்டு உள்ளே போனாலும் கிடைப்பது ஒரு பிரிண்டர் மட்டும். கம்பிகட்டி கேட்ட உரைகல்லில் இதுதான் முதலில் தேறும்.

ஃபோன் கேள்விக்கும் இதுவே விடை. கப்ஸும், நெட்வொர்க்கில் பெயரை அறிவிக்கும் அவாஹியும் சேர்ந்து பழைய 1020-ஐயே ஏர்பிரிண்ட் (ஆப்பிள் கருவிகள் டிரைவர் இல்லாமல் அடிக்கும் முறை) பிரிண்டராக வீட்டுக்குள் அறிவிக்கும். ஐஃபோன் நேராகப் பார்க்கும், ஆண்ட்ராய்டிலும் ஐபிபி என்ற பொதுப் பிரிண்ட் முறை வழியாக வரும், விண்டோஸிலும் சேர்க்கலாம். எல்லாம் 631-ஆம் போர்ட்டில்.

1020-க்கு ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அதனுடைய ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) பிரிண்டருக்குள் நிலையாக இருக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் அதை ஊட்ட வேண்டும். விண்டோஸ் டிரைவர் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. லினக்ஸில் ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவரோடு அந்த ஃபர்ம்வேர் ஃபைலையும் இறக்கி வைக்காவிட்டால் வேலை வரிசையில் போய் நிற்கும், பிரிண்டர் விளக்கை எரித்துக்கொண்டு சும்மா இருக்கும். கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் இந்த வழியில் அவசரப்பட வேண்டாம். அதன் அதிகாரபூர்வ லினக்ஸ் டிரைவர் ராஸ்ப்பெரி பையில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப்புக்கு இல்லை.

பாதுகாப்புக்கு கப்ஸ் அமைப்பு ஃபைலில் ‘அலவ் @லோக்கல்’ (வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும்) என்று மட்டும் வையுங்கள், ‘அலவ் ஆல்’ வேண்டாம். நிர்வாகப் பக்கத்தை ராஸ்ப்பெரி பைக்குள்ளிருந்து மட்டும் திறக்கும்படி விடுங்கள். கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற துணைச் சர்வீஸ் ஓடினால் நிறுத்துங்கள். 2024 செப்டம்பரில் அதில்தான் பெரிய ஓட்டை வெளிவந்தது. பிரிண்டரைக் கொடுக்கிற பெட்டிக்கு அது தேவையே இல்லை.

வைட்ஃபீல்டு வாசகன்

இவ்வளவு பாடு எதற்கு? வைஃபை பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறேன், ஃபோன், லேப்டாப், டேப் எல்லாவற்றிலும் அடிக்கிறேன். யுஎஸ்பி பிரிண்டருக்கே காலம் முடிந்துகொண்டிருக்கிறது. தனித்தனி கம்பெனி டிரைவர்களைப் படிப்படியாக விலக்கப்போவதாக மைக்ரோசாஃப்டே 2023-இல் அறிவித்தாயிற்று. ஹேக்கிங் பயமும் தேவையில்லை. நம் ஊர் கனெக்ஷன் எல்லாம் சிஜிநாட்டுக்கு (ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிரும் ஏற்பாடு) பின்னால்தான் இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

கம்பிகட்டி

பழைய இன்டர்நெட் முகவரி முறையான ஐபிவி4-க்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் புது முறையான ஐபிவி6 வந்துவிட்டது. அதில் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கத் தெரியும் முகவரி கிடைக்கலாம். நடுவில் நிற்பது ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் மட்டும். அது ஆன் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎன்பி (கருவிகள் தாமே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) தேவையில்லை என்றால் அணையுங்கள்.

பிரிண்டர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017, 2018 இரண்டு வருஷமும் உதாரணம் உண்டு. 9100-ஆம் போர்ட் இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடித்து, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவற்றில் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தன் செய்தியை அடித்துத் தள்ளினார். 2018-இல் வந்தது ஒரு யூடியூபருக்குச் சந்தாதாரர் சேர்க்கும் விளம்பரம். அந்தப் போர்ட்டில் பெயர், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. வந்ததை அடிக்கும், அவ்வளவுதான். பழைய ரவுட்டரின் யுஎஸ்பி சொருகும் இடத்தில் பிரிண்டரை மாட்டச் சொல்லும் யோசனையை நான் தவிர்ப்பதும் இதனால்தான், அவற்றில் பலவும் இதே பாணியில் வேலை செய்பவை.

வைஃபை பிரிண்டர் நல்ல வழிதான், ஆனால் பெட்டியைப் பிரித்ததும் சில வேலை இருக்கிறது. பிரிண்டரின் முகவரியை பிரவுசரில் போட்டு அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2025 ஜூனில் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், பிரதர் மாடல்கள் 689-இல் தொழிற்சாலை பாஸ்வேர்டை சீரியல் நம்பரை வைத்தே கணக்கிட்டுவிடலாம் என்று தெரிந்தது. விற்றுப்போன பிரிண்டர்களில் ஃபர்ம்வேர் போட்டாலும் அது முழுதாகத் தீராது, பாஸ்வேர்டை மாற்றுவதுதான் வழி. வைஃபை டைரக்ட் பயன்படுத்தாவிட்டால் அணையுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டரில் நீங்கள் எத்தனை பூட்டுப் போட்டாலும் பிரிண்டர் தானே ஒரு வைஃபையாகத் தெருவுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். எஃப்டிபி, டெல்நெட் போன்ற பழைய இணைப்பு வழிகள் இருந்தால் அவையும் போகட்டும். ரவுட்டரில் அதற்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் பாதி ‘ஆஃப்லைன்’ புகார்கள் வராது.

வைட்ஃபீல்டு வாசகன்

வைஃபை டைரக்ட் ஆன் ஆகவே இருந்தது. பாஸ்வேர்டு 12345678. அணைத்துவிட்டேன்.

அல்சூர் அக்கா

பேப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷேர் பிரிண்டரில் அடித்தது முதலில் டெஸ்க்டாப்பின் டிஸ்க்கில்தான் ஃபைலாக விழுகிறது. சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டர். அடித்ததும் அழிந்துவிடும். ஆனால் பிரிண்டர் ப்ராபர்ட்டீஸின் அட்வான்ஸ்டு டேபில் ‘கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ்’ டிக் ஆகியிருந்தால் எல்லாம் அங்கேயே சேரும். பேப்பர் சிக்கி நின்ற வேலையும் அப்படித்தான், மறுநாள் ஆன் செய்யும்போது நம் ஆதார் வேறொருவர் கண்முன் வந்து விழும்.

ஆதார் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 மே மாதம் ஆதார் வழங்கும் யுஐடிஏஐ-யின் பெங்களூரு மண்டல அலுவலகம்தான் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று. மக்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி மத்திய அரசு உடனே அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும் மாஸ்க்டு ஆதார் வசதி இருக்கிறது, நான் அதைத்தான் அடிக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு முழு ஆதாரை அனுப்புவதை நினைத்தால், ஹொரமாவு சாரின் பப்ளிக் ஃபோல்டர் எவ்வளவோ தேவலை.

ஹொரமாவுக்காரன்

‘அச்சு’ யூசர் வேலை செய்கிறது! மகள் லேப்டாப்பில் 11பி வந்தது, டெஸ்க்டாப்பில் தேங்கிக் கிடந்த அப்டேட்டை முடித்ததும் போய்விட்டது. ரெஜிஸ்ட்ரியைத் தொடவில்லை. ‘கீப் பிரின்டட்’ டிக் இல்லை, பார்த்துவிட்டேன். ஆபீஸ் லேப்டாப்பையும் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று.

இனி மேல் போர்ஷன். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் கெஸ்ட் வைஃபை இருந்தது. பையன்களை அதற்கு மாற்றினேன். ஆனால் அதில் சேர்ந்து பார்த்தால் ரவுட்டரின் லாகின் பக்கம் திறக்கிறது, டெஸ்க்டாப்புக்கு பிங்கும் (எட்டுகிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) போகிறது. கெஸ்ட் என்றால் தனியாக இருக்க வேண்டாமா?

கம்பிகட்டி

இருக்க வேண்டும். ஆனால் சில பெட்டிகளில் கெஸ்ட் என்பது இன்னொரு பெயர் மட்டும், உள்ளே எல்லாம் ஒரே நெட்வொர்க். நீங்கள் சோதித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று, முக்கால்வாசிப் பேர் பெயரைப் பார்த்தே நம்பிவிடுவார்கள். செட்டிங்ஸில் ‘ஐசொலேஷன்’ (தனிமைப்படுத்தல்) என்று ஏதாவது இருந்தால் ஆன் செய்து பாருங்கள்.

இல்லையென்றால் சொந்தமாக ஒரு சாதாரண ரவுட்டர் வாங்குங்கள். அதன் வான் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் சொருகி), கம்பெனிப் பெட்டியின் லான் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கான சொருகி) ஒரு கேபிள். உங்கள் டெஸ்க்டாப், லேப்டாப், ஃபோன் எல்லாம் புது ரவுட்டரில். மேல் போர்ஷன் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். புது ரவுட்டரின் முகவரி வரிசை வேறாக இருக்கட்டும். பழையது 192.168.1 என்றால் இது 192.168.50 என்று வையுங்கள்.

இதில் எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் புது ரவுட்டரைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பழைய பெட்டியில் இருப்பார்கள். உள்ளே இருக்கும் ரவுட்டரிலிருந்து வெளிப் பெட்டிக்குத் தாராளமாகப் போகலாம், வெளியிலிருந்து உள்ளேதான் நுழைய முடியாது. காப்பாற்ற வேண்டியது எப்போதும் உள் ரவுட்டரில். கம்பெனிப் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், அது பின்னாலேயே ஒட்டியிருக்கும்.

மாற்றியதும் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு ‘பப்ளிக்’ என்று வைக்கும். டெஸ்க்டாப்பில் மட்டும் ப்ரைவேட்டுக்கு மாற்றுங்கள்.

எஸ்பிரோடு சர்வீஸ்

நம் எஸ்பி ரோட்டு கம்ப்யூட்டர் கடைகள் பக்கம் வந்தால் வான் போர்ட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள் சார். ரிப்பீட்டரை ரவுட்டர் என்று தலையில் கட்டுவார்கள். யுஎஸ்பி ஷேரிங் சுவிட்சும் அங்கேயே கிடைக்கும்.

ஹொரமாவுக்காரன்

ரவுட்டர் வாங்கி மாட்டியாயிற்று. பையன் மேலிருந்து பிங் போட்டுப் பார்த்தான், வரவில்லை. பிரிண்டர் லிஸ்ட்டிலும் இல்லை. மகள் லேப்டாப்பில் டெஸ்ட் பேப்பர் அடித்தது. அவசரத்துக்கு மேலே பிரிண்ட் வேண்டும் என்றால் பென்டிரைவோடு கீழே வரச் சொல்லியிருக்கிறேன்.

ஃபோன் விஷயத்துக்கு ஒரு பழைய ராஸ்ப்பெரி பை எங்காவது கிடைக்குமா என்று பார்க்கிறேன். கப்ஸ்பிரியன், எந்த மாடலுக்கு மேல் வேண்டும்?

கப்ஸ்பிரியன்

பை 3 இருந்தாலே தாராளம். பிரிண்ட் வேலைக்கு அதற்கு மேல் காசு போடாதீர்கள். மெமரி கார்டு மட்டும் நல்லதாக வாங்குங்கள், நம் ஊர் கரண்ட் கட்டில் முதலில் போவது அதுதான். பையை இன்வெர்ட்டரில் மாட்டலாம், லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். ஹீட்டர் சூடாகும்போது இழுக்கிற இழுப்பில் இன்வெர்ட்டர் கத்தும்.